கொழுந்துக்குத் தராசு உண்டு. நோயாளிக்குத் தாதி உண்டா?

சில வாரங்களுக்கு முன் சங்கக் கூட்டமொன்றை முன்னிட்டு டயகமவுக்குச் சென்றிருந்தோம். தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலையையும் அக்கரப்பத்தனையையும் கடந்து, வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி ஏறும் பாதை அது. டயகமவுக்கு அப்பால் காடும் ஹோட்டன் சமவெளியுமே உண்டு. கூட்டம் முடியும்போது பனி இறங்கிவிட்டது. தோழர் ஒருவரின் லயக் காம்பராவில் இரவைக் கழித்தோம்.

உறங்க முடியவில்லை. பலகையொன்றே தடுத்து நின்ற அடுத்த காம்பராவிலிருந்து, விடியும்வரை இருமலும் மூச்சிரைப்பும் கேட்டவண்ணமிருந்தன. காலையில் சென்று பார்த்தோம். நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து ஓய்ந்த ஒரு தாய், சுவரிலே முதுகைச் சாய்த்து, மடியிலே தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுமளவுக்கு வீங்கியிருந்தன.

"படுத்தா மூச்சு அடைக்குதுங்க ஐயா. ஒக்காந்தபடியேதான் ராத்திரியப் போக்குறேன்" என்றார்.

மருந்தில்லையா என்று கேட்டோம். இருந்தது. ஒரு பை நிறைய மாத்திரைகளும், மாதா மாதம் கிளினிக்குக்குப் போய்வந்த கொப்பியும் இருந்தன. ஆனால் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும் மாத்திரையை அவர் பாதியாக உடைத்துத்தான் சாப்பிட்டு வந்தார். ஏன் என்று வினவினோம். "அதப் போட்டா அடிக்கடி வெளிய போகணுங்க. கக்கூசு லயத்துக் கடைசியில கெடக்கு. இந்தக் குளிர்ல, இருட்டுல, எத்தன தரம் போறது?" என்றார். உப்பைக் குறைக்கும்படி யாரேனும் சொன்னார்களா என்றோம். யாரும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. அடுப்புக்கு மேலே கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை உறையிலே எழுதியிருந்ததை அவராலோ, அவருடைய மருமகளாலோ வாசிக்க முடியவில்லை. அது அவர்கள் அறிந்த மொழியில் இல்லை.

இங்கே நாம் யாரைக் குற்றஞ்சாட்டுவது? வைத்தியர் நோயைச் சரியாகவே கண்டறிந்து சரியான மருந்தையே எழுதியிருக்கிறார். அரசாங்கம் அம்மருந்தை ஒரு சதமும் வாங்காமல் கொடுத்திருக்கிறது. அந்தத் தாயும் மாதந் தவறாமல் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஆயினும் அவர் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுகிறார். மருந்துக்கும் நோயாளிக்கும் இடையிலே ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்துக்குரியவர்தான் தாதி.

தாதியின் கடமை யாது?

தாதி என்றதும் நம்மவர் பலருக்கு வெள்ளைச் சீருடையும் ஊசியுமே நினைவுக்கு வருகின்றன. வைத்தியருக்கு எடுபிடியாக நிற்பவர் என்று எண்ணுவோரும் உளர். இது பெருந் தவறு. நவீன தாதிமுறைக்கு அடிகோலிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1860 ஆம் ஆண்டில் இலண்டனிலே தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். நோயாளர் பராமரிப்புப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் அத்தியாயம் மருந்தைப் பற்றியதன்று. அது காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றியது. நோயாளி சுவாசிக்கும் காற்று தூயதாயும், அவர் உடல் குளிராமலும் இருக்க வேண்டுமென்பதையே அவர் தலையாய விதியாகக் கொண்டார்.

அந்த விதியை டயகம லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்ளேயே. குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினால் விறகுப் புகை உள்ளே தேங்குகிறது. புகைக்கு அஞ்சிக் கதவைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. குளிரும் புகையுமாகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கதிக்கு ஒரு சமூகம் ஆளாகியிருக்கிறது! பீடி சுருட்டைத் தொட்டறியாத பெண்கள் வாழ்நாள் முழுதும் அடுப்புப் புகையைச் சுவாசித்து, நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு இரையாவது உலகெங்கும் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் விளையும் கேட்டைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் தனி வழிகாட்டலையே வெளியிட்டது.

இருதயமும் நுரையீரலும் நோயுற்றால், பெரும்பாலும் அந்நோய் ஒரு மாதத்தில் குணமாகிப் போய்விடுவதில்லை. அது நோயாளியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. மாதத்தில் ஒருநாள், சில நிமிடம், வைத்தியர் பார்க்கிறார். எஞ்சிய இருபத்தொன்பது நாட்களும் அந்நோய் வீட்டிலேதான் இருக்கிறது. அந்த இருபத்தொன்பது நாட்களைக் கவனிப்பதே தாதியின் தொழில்.

பலமிழந்த இருதயம் இரத்தத்தை முழுமையாகத் தள்ள முடியாதபோது, நீர் காலிலே தேங்குகிறது; பின்னர் நுரையீரலிலே தேங்குகிறது. அப்போதுதான் படுத்தால் மூச்சு அடைக்கிறது. ஆனால் இது திடீரென வருவதன்று. மூச்சடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே உடம்பின் நிறை ஏறத் தொடங்குகிறது. மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அதை அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். அன்றே மருந்தின் அளவைத் திருத்தினால், நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகாமலே தப்பக்கூடும். இதற்கு வேண்டிய கருவி ஒரு தராசு மட்டுமே!

தோட்டத்திலே தராசுக்குப் பஞ்சமா? காலையிலும் பகலிலும் மாலையிலும் கொழுந்தைக் கொண்டுபோய் நிறுக்கிறார்களே! ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழிவு கணக்கிடுகிறார்களே! கொழுந்தின் நிறை ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளைக்குத் தெரிகிறது. அதைப் பறித்தவளின் உடம்பிலே இரண்டு கிலோ நீர் ஏறினால் அறிவார் எவருமில்லை.

நுரையீரல் நோயாளியின் நிலையும் இதுவே. அவருக்கு ஒரு 'பம்ப்' கொடுக்கிறார்கள். அழுத்துவதும் மூச்சை உள்ளே இழுப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். பின்னர் மூச்சைச் சிறிது நேரம் அடக்க வேண்டும். காட்டிக் கொடுக்க ஒருவரில்லையேல் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வீணாகிறது. "பம்ப் அடிச்சும் ஒண்ணும் கேக்கலீங்க" என்று நோயாளி அதை மூலையில் எறிந்துவிடுகிறார். மருந்தின்மீது குற்றமில்லை, நோயாளிமீதும் குற்றமில்லை. ஒருமுறை செய்துகாட்டி, மறுமுறை அவரையே செய்யச்சொல்லிப் பார்க்கவேண்டிய கை அங்கே இல்லை.

ஒட்சிசனும் அவ்வாறே. நாட்பட்ட நுரையீரல் நோயால் இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் அதைக் கொடுத்தால் ஆயுள் நீளுகிறதென்பதை 1981 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் நடந்த ஆய்வு நிறுவியது. ஆனால் இத்தகைய நோயாளருட் சிலருக்கு மட்டுமீறிக் கொடுத்தால், உடம்பின் கழிவுக் காற்று வெளியேறாது இரத்தத்திலே தேங்கி, மயக்கத்திலும் மரணத்திலும் முடியும். ஆகவே நூற்றுக்கு 88 முதல் 92 வரையுள்ள அளவிலேயே அவர்களுடைய இரத்த ஒட்சிசனை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது. அந்த அளவைப் பார்த்து நிற்பவரும் தாதியே.

ஒரு தொண்டை வலியின் கதை

குழந்தைகளைப் பற்றிய செய்தி இன்னும் கொடியது. நெருக்கமான வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வந்த தொண்டை நோய் மற்றப் பிள்ளைகளுக்கும் பரவுகிறது. அவர்களுட் சிலருக்குச் சில வாரங்களில் மூட்டுக்கள் வீங்கிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வீக்கம் மறைந்துவிடுகிறது, தாயும் மறந்துவிடுகிறாள். ஆனால் அந்தக் காய்ச்சல் இருதயத்தின் வால்வுகளைத் தீண்டிவிட்டுப் போகக்கூடும். அது மீண்டும் மீண்டும் வருந்தோறும் வால்வு தடித்துச் சுருங்குகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே சிறுமி கர்ப்பிணியாகும்போது, அந்த இருதயம் இருவருக்காக உழைக்க மாட்டாது தளர்கிறது. இலங்கையில் தாய்மார் மரணத்துக்குரிய முக்கிய காரணங்களுள் இருதய நோயும் ஒன்றென்பதை நாட்டின் சுகாதாரத் துறையினர் அறிவர்.

இதைத் தடுக்க வழியில்லையா? உண்டு. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல ஆண்டுகள், பென்சிலின் ஊசி ஏற்றினால் போதும். உலகிலே மிக மலிவான மருந்துகளுள் ஒன்று அது. ஆனால் ஊசி தவறக் கூடாது. பிள்ளையின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, வராத நாளில் வீடு தேடிப்போய், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கியூபா நாட்டின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் பத்தாண்டுகள் இத்தகைய பதிவேட்டையும் இடைவிடாக் கவனிப்பையும் கொண்டே இந்நோயைப் பெருமளவு குறைத்தார்கள். 2018 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இந்நோய்க்கெதிராக நாடுகள் அனைத்தும் செயற்பட வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

தாதியின் கவனிப்பால் நோயாளி பிழைக்கிறார் என்பது வெறும் இரக்கப் பேச்சென்று எண்ணுவோர்க்கு இன்னொரு சான்று கூறுவோம். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில், எழுபது வயதைத் தாண்டிய 282 இருதய நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1995 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான வைத்தியம். மற்றப் பகுதியினருக்கு அதனோடு தாதியின் போதனை, உணவு ஆலோசனை, வீடு திரும்பிய பின் தொடர்ந்த விசாரிப்பு. மூன்று மாதத்துக்குள் இருதயத் தளர்ச்சியால் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தடவைகள் முதற் பகுதியில் 54. இரண்டாம் பகுதியில் 24. செலவும் கூடவில்லை, குறைந்தது! அமெரிக்க நகரத்தாருக்கு இது பயன்படுமென்றால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கே ஒருநாட் சம்பளத்தை இழக்கும் தோட்டத் தொழிலாளிக்கு எத்துணைப் பயன்படும்!

தோட்ட வைத்தியம் யாருக்காகப் பிறந்தது?

அவ்வாறாயின் இந்த ஏற்பாடு மலைநாட்டில் ஏன் இல்லை? விடை வரலாற்றில் இருக்கிறது.

தோட்டத்து வைத்தியம் தொழிலாளியின் உயிருக்காகப் பிறந்ததன்று. தொழிலாளியின் உழைப்புக்காகப் பிறந்தது. 1872 ஆம் ஆண்டிலும் பின்னர் 1912 ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டங்களை இயற்றினார்கள். லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதையும், நோயுற்ற தொழிலாளருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வதையும் தோட்டத் துரையின் கடமையாக்கினார்கள். 1916 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. இவற்றால் நன்மை விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் நோக்கம் யாது? இரத்தமின்றி வெளிறிய கூலியால் மலையேற முடியாது. மலையேறாவிட்டால் கொழுந்து இறங்காது. எனவே புழுவைக் கொன்று அவனை மீண்டும் பெரட்டுக்கு அனுப்பினார்கள்.

இருதய நோயாளி மீண்டும் பெரட்டுக்குப் போகமாட்டார். நுரையீரல் கெட்டவர் கூடையுடன் மலையேறமாட்டார். கொழுந்து தராதவருக்குத் தோட்டக் கணக்கிலே பத்தி இல்லை! அன்று தொடங்கிய கணக்கு இன்றுவரை திருத்தப்படவில்லை. துரை மாறினார், கணக்கு மாறவில்லை. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. 1990 களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பதென்று முடிவாயிற்று, சிலவற்றைப் பொறுப்பேற்றது. நிலம் கம்பனியின் குத்தகையில், நோயாளி அரசாங்கத்தின் பொறுப்பில் என்ற இரட்டை ஆட்சியிலே, ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் நாம் கூறுவோம்: இருவருக்குப் பொதுவான கடமை, எழுத்தில் தெளிவாகப் பிரிக்கப்படாவிடின், ஒருவருக்கும் உரியதல்லாத கடமையாகிவிடும்.

இந்தக் கைகாட்டலுக்கு அடியிலே இன்னொரு அநீதியும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. வாக்கிழந்தவன் வாசலிலே எந்த மந்திரியும் ஆஸ்பத்திரி கட்டமாட்டார். எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. தோட்ட மக்களுக்குப் பிரதேச சபைகள் தங்குதடையின்றிப் பணியாற்ற இயலாதவாறு 1987 ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்த பிரிவும் 2018 ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. உரிமை காகிதத்திலே திரும்பிவிட்டது. உரிமையிழந்த காலத்தில் கட்டப்படாதவை எவையோ, அவை இன்னும் கட்டப்படவில்லை.

மருத்துவமாது செய்த புரட்சி

"ஒவ்வொரு லயத்துக்கும் தாதி போவதா? நடக்கக்கூடிய காரியமா?" என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு நாம் வேற்று நாட்டு உதாரணம் காட்ட வேண்டியதில்லை. நமது நாடே உதாரணம்.

1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஏற்பாட்டிலே, பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிந்தாள், நிறையைப் பார்த்தாள், ஆபத்தைக் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். 1930 களில் இந்நாட்டில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய இருபது தாய்மார் மாண்டனர். இந்நூற்றாண்டில் அந்தத் தொகை ஒரு இலட்சம் பிரசவத்துக்கு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. உலகமே வியந்த இந்தச் சாதனையில் கொழும்பின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு பங்குண்டோ, அதற்குக் குறையாத பங்கு, குடை பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்த அந்தப் பெண்ணுக்கும் உண்டு. தோட்டத்து லயங்களிலும் அவள் நுழைந்தாள். பிள்ளை பெறுபவளைத் தேடி ஒருத்தி வருகிறாளென்றால், மூச்சு வாங்குபவளைத் தேடி ஒருத்தி ஏன் வர முடியாது?

அண்மை ஆண்டுகளில் ஆரம்ப வைத்திய நிலையங்களுக்குப் பொதுச் சுகாதாரத் தாதியர் என்னும் புதிய பதவியையும் அரசாங்கம் உண்டாக்கியிருக்கிறது. ஆகவே நாம் புதிய உலகத்தைக் கேட்கவில்லை. இருக்கும் ஏற்பாட்டைத் தோட்டத்தின் எல்லைக்கல் வரை அல்ல, லயத்தின் வாசற்படி வரை கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறோம்.

மலைநாட்டில் ஆஸ்பத்திரிகளே இல்லையென்று கூறி உண்மையை மறைக்கவும் நாம் விரும்பவில்லை. டயகமவிலும் லிந்துலையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உண்டு. நுவரெலியாவில் மாவட்டப் பொது ஆஸ்பத்திரி உண்டு. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட ஆஸ்பத்திரியை 2017 ஆம் ஆண்டு மே 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அதே இந்திய உதவியால் 2016 ஆம் ஆண்டில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. இவற்றை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அம்புலன்ஸ் என்பது மூச்சு முட்டிய பின் வருவது. தாதியோ மூச்சு முட்டாமலிருக்க வருபவர். பனி மூடிய இரவிலே, பிரதான பாதைக்கு வரமுடியாத லயத்திலிருந்து, நோயாளியைக் கம்பளியில் கிடத்தி நால்வர் தூக்கி இறங்கும் காட்சியைக் கண்டவர்கள் இந்த வேறுபாட்டை நன்கறிவர்.

மொழியும் ஒரு மருந்தே

தாதி வந்தால் மட்டும் போதாது. அவர் பேசுவது நோயாளிக்கு விளங்கவும் வேண்டும். "இரவிலே எத்தனை தலையணை வைக்கிறீர்கள்? மாடிப்படியில்லாத உங்கள் வீட்டில், தண்ணீர்க் குழாய்வரை நடந்தால் மூச்சு வாங்குகிறதா? மாத்திரையை ஏன் உடைக்கிறீர்கள்?" இக்கேள்விகளே இருதய நோயாளிக்குரிய பரிசோதனைகள். இவற்றைச் சைகையாற் கேட்க முடியுமா? கக்கூசு தூரம் என்று நாணத்தோடு சொல்லும் ஒரு தாயின் விடையை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் பெற முடியுமா?

தமிழும் அரச கரும மொழி என்று 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. ஆனால் மருந்து உறையிலே அது இல்லையெனில், நோயாளிக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்? சிங்களத் தாதியர்மீது நமக்கு எவ்வித மனக்கசப்புமில்லை. தம் ஊரை விட்டு இக்குளிருக்கு வந்து, தமக்குத் தெரியாத மொழி பேசும் மக்களுக்கு அன்போடு பணிபுரிந்த சகோதரிகள் பலரை நாம் அறிவோம். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்காமலும், தமிழ்ப் பெண்களைத் தாதியராக்காமலும் விட்டதற்கு அரசாங்கமே பொறுப்பு.

தமிழ்ப் பெண்கள் ஏன் போதிய அளவில் தாதியராகவில்லை? தாதியர் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்றிருக்க வேண்டும். மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை மிகச் சில. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலிருந்து தாதி எப்படி வருவாள்? டயகமவில் ஒரு தாதி வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் பாடசாலைக்கு உயிரியல் ஆசிரியர் ஒருவர் இன்றே வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் தாதியரும் கடல் கடந்து சென்ற வேகத்தை எண்ணும்போது, தன் மண்ணிலேயே வேரூன்றி நிற்கும் மக்களிடமிருந்து தாதியரைத் திரட்டுவது நீதி மட்டுமன்று, விவேகமுமாகும்.

நம்மீதும் குற்றம் உண்டு

அரசாங்கத்தையும் கம்பனிகளையும் சாடிவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. தொழிற்சங்கத்தாரும் அரசியல்வாதிகளுமாகிய நாம் சம்பளத்துக்குப் போராடினோம்; சரியே. பிரஜாவுரிமைக்குப் போராடினோம், சரியே. வீட்டுக்கும் காணிக்கும் போராடுகிறோம், அதுவும் சரியே. ஆனால் எத்தனை கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களில், "தாதி" என்ற சொல் நம் வாயிலிருந்து வந்தது? நாமும் துரையின் கணக்கையே பின்பற்றினோம். பெரட்டுக்கு வருபவனே சந்தா தருபவன். சந்தா தருபவனே அங்கத்தவன். மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் முதியவளை நாமும் மறந்தோம். இதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படுகிறோம். ஆனால் ஒப்புக்கொள்ளாதிருக்க அதைவிட அதிகம் வெட்கப்படுகிறோம்.

டயகம மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956 ஆம் ஆண்டில் அங்கு நடந்த தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர் ஏப்ரகாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி. தொழிலாளியின் உயிருக்கு இனமில்லை என்று தன் உயிரால் எழுதிய மண் அது. மூச்சுக்கும் இனமில்லை. அந்த மண்ணிலிருந்தே இக்கோரிக்கை எழுவது பொருத்தமானது.

நாம் கேட்பவை இவை:

முதலாவது: ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் இருதய, நுரையீரல் நோயாளரின் பதிவேடு ஒன்று வேண்டும். வேலை செய்பவர், ஓய்வு பெற்றவர், வேலைப் பதிவிலேயே இல்லாதவர் என்ற பேதம் அதில் இருத்தலாகாது.

இரண்டாவது: அப்பதிவேட்டைக் கையிலேந்தி லயத்துக்கு நடந்துவரும் அரசாங்கத் தாதியர் வேண்டும். அவரிடம் தராசும், இரத்த அழுத்தக் கருவியும், ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவியும் இருத்தல் வேண்டும். அவர் தமிழ் பேசுபவராக, அல்லது தமிழ் பயிற்றப்பட்டவராக இருத்தல் வேண்டும். மருந்து உறையிலே தமிழ் வேண்டும்.

மூன்றாவது: கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் போடப்படல் வேண்டும். நோயாளியைக் கூட்டிச் செல்லும் மகளுக்கும் மருமகளுக்கும் அவ்வாறே. 2024 ஆம் ஆண்டில் நாட் சம்பளம் 1,350 ரூபா ஆனபோது எல்லோரும் பெருமை பேசினார்கள். கிளினிக் நாளிலே அந்தப் பெருமை பூச்சியமாகிறது! மூச்சு வாங்கியபடி மலையேறி, நிறை காணாமல் அரைப்பேர் வாங்கும் தொழிலாளியைக் கண்டால், அது சோம்பலென்று முடிவுகட்டாமல், தாதியிடம் அனுப்புவது கங்காணியின் கடமையென எழுதப்படல் வேண்டும்.

நான்காவது: புகைபோக்கியுள்ள அடுப்பும், வீட்டோடு சேர்ந்த கழிப்பிடமும் வைத்தியத் தேவைகளாகக் கருதப்படல் வேண்டும். கக்கூசு தூரமாயிருக்கும்வரை நீர் மாத்திரை பாதியாகவே உடையும்.

ஐந்தாவது: அடுத்த கூட்டு ஒப்பந்தத்திலே, கம்பனியின் கடமை எது, அரசாங்கத்தின் கடமை எது என்று இவை அனைத்தும் வாசகம் வாசகமாக எழுதப்படல் வேண்டும். எழுதப்படாத கருணையை எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. எழுதப்பட்ட கடமையை வழக்காட முடியும்.

இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லப்படும். ஒரு தராசின் விலை என்ன? ஒரு பென்சிலின் ஊசியின் விலை என்ன? பலமுறை அம்புலன்ஸ் ஏறி, பலமுறை கட்டிலில் கிடந்து, முடிவில் மாண்டுபோகும் நோயாளிக்கு ஆகும் செலவைவிட இது கூடுமா? கணக்குப் பார்ப்பவர்கள் முழுக் கணக்கையும் பார்க்கட்டும்.

அன்று காலை டயகமவை விட்டுப் புறப்படுமுன், அந்தத் தாயின் மருமகளிடம் நமக்குத் தெரிந்தவற்றைச் சொன்னோம்: கருவாட்டை நிறுத்துங்கள்; தலைமாட்டை உயர்த்துங்கள்; இரவில் காம்பராவுக்குள்ளேயே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்; மாத்திரையை உடைக்க வேண்டாம்; இந்த வீக்கத்தோடு வீட்டிலிருக்கலாகாது, இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். "இத இத்தன நாளா யாருமே சொல்லலீங்களே ஐயா" என்றாள் அவள். ஒரு வழக்கறிஞர் சொல்ல வேண்டிய விஷயமா அது? அவளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் ஒரு தாதி. அந்தத் தாதி வரும்வரை, சங்கங்களும் கட்சிகளும் வேறெந்த வெற்றியைப் பற்றியும் மலைநாட்டு மேடைகளிலே பெருமை பேசுவதற்கில்லை.